ஒரு சோறு பதம் போதாது

உலை கொதிக்கும்போது அரிசி ஓரிடத்தில் நிற்பதில்லை. அடியில் கிடந்தது மேலே வரும், மேலே வந்தது ஓரமாக இறங்கும். எல்லாப் பருக்கைக்கும் ஒரே சூடு, குடிக்க வேண்டிய மட்டும் தண்ணீர். அதனால்தான் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தப் பழமொழிக்கு அடியில் இருப்பது வெப்பச்சலனம். அரிசி புரளாத பானையில் அது செல்லாது.

அப்படி ஒரு பானை துனிசியாவில் இருக்கிறது. அந்நாட்டின் தென்கிழக்கே, காபெஸ் வளைகுடாவில், 514 சதுர கிலோமீட்டர் பரப்பில் தட்டையாகக் கிடக்கும் தீவு ஜெர்பா. வட ஆப்பிரிக்கக் கரையோரத் தீவுகளில் இதுதான் பெரியது. ஆறு கிடையாது. மழைநீரைத் தொட்டிகளில் பிடித்து வைத்துப் பிழைத்த ஊர். சிதறிக் கிடக்கும் அதன் குடியிருப்பு முறைக்காக 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தத் தீவின் பெயரைத் தாங்கிய சாப்பாடு 'ரூஸ் ஜெர்பி'. ஜெர்பாச் சோறு என்று சொல்லலாம்.

பெயரைக் கேட்டதும் பிரியாணி போல ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரியாணியில் அரிசி தண்ணீரிலோ குழம்பிலோ முக்கால் பதம் வெந்துவிட்டுத்தான் தம்முக்குப் போகிறது. இங்கே அரிசி கொதிநீரில் ஒரு விநாடிகூட இறங்குவதில்லை. ஊறவைத்து வடித்த அரிசி, பொடியாக நறுக்கிய ஆட்டுக்கறி, ஈரல், கைப்பிடி கைப்பிடியாகப் பசலைக்கீரையும் சார்ட் கீரையும் பார்ஸ்லியும், வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், முன்பே வேகவைத்த கொண்டைக்கடலை, தக்காளி விழுது, ஹரிஸா என்கிற மிளகாய் விழுது, மஞ்சள், கொத்தமல்லி விதைப் பொடி, எண்ணெய் எல்லாவற்றையும் அகன்ற பாத்திரத்தில் பச்சையாகவே போட்டுப் பிசைவார்கள். பிறகு அடியில் துளைகள் உள்ள மேல்பானையில் அள்ளிப் போட்டு, கொதிநீர்ப் பானையின் தலையில் ஏற்றி, மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவி மட்டுமே வேலை செய்யும்.

அந்தத் துளைப்பானைக்கு அங்கே கெஸ்கெஸ் என்று பெயர். கூஸ்கூஸ் அவிப்பதற்காகவே பிறந்த பாத்திரம் அது. கோதுமை ரவையைச் சிறு மணிகளாக உருட்டி ஆவியில் அவிக்கும் கூஸ்கூஸ்தான் மக்ரெப் என்னும் வட ஆப்பிரிக்க நாடுகளின் அன்றாடச் சோறு. 1293இல் துனிஸ் நகரில் இறந்த இப்னு ரஸீன் அத்துஜீபி என்ற அந்தலூசியக்காரரின் சமையல் நூலிலேயே கூஸ்கூஸ் செய்முறைகள் இருக்கின்றன. அல்ஜீரியா, மொராக்கோ, மொரிட்டானியா, துனிசியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து 2020இல் அதற்கு யுனெஸ்கோ அங்கீகாரமும் வாங்கிவிட்டன. துனிசியாவில் நெல் விளைவதில்லை என்றே சொல்லிவிடலாம். அரிசி கப்பலில் வந்த சரக்கு. ஜெர்பாக்காரர்களோ பிறவி வணிகர்கள். சென்னையில் அண்ணாச்சி கடை என்றால் மளிகைக் கடை என்று ஆனதுபோல, துனிஸ் நகரில் 'ஜெர்பி' என்றாலே மளிகைக்கடைக்காரர்தான். வெளியிலிருந்து வந்த தானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஏற்கெனவே இருந்த பாத்திரத்தில், ஏற்கெனவே தெரிந்த முறையில் அவித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரவைக்குச் சரிப்படும் முறை அரிசிக்கு அப்படியே சரிப்படாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இட்லிப் பானையில் துணி விரித்து, கழுவி வடித்த அரை கிலோ அரிசியைக் கொட்டி, மூடி, ஒரு மணி நேரம் அவித்தேன். முறையைச் சோதிக்க வெறும் அரிசி போதும், கறியை வீணாக்குவானேன் என்று எண்ணம். திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. அரிசி கையை வைக்க முடியாத சூடு. வாயில் போட்டால் கடக்கென்றது. இன்னும் அரை மணி நேரம் வைத்தேன். அதே கடக். எட்டிப் பார்த்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: "ஏன்டா, புட்டுக்கு மாவுல தண்ணி தெளிச்சுப் பிசிறாமலா அவிப்பாங்க?"

அந்தக் கேள்விக்குள் இந்தச் சமையலின் இயற்பியல் முழுவதும் இருக்கிறது. ஆவி என்பது தண்ணீர்தானே, அதில் ஒரு மணி நேரம் கிடந்த அரிசிக்குத் தண்ணீர் கிடைக்காமலா போகும் என்று நினைக்கிறோம். கிடைப்பதில்லை. ஆவி கொண்டுவருவது சூட்டைத்தான். தண்ணீரைக் கொண்டுவருவது மிகக் கொஞ்சம்.

கணக்கு இப்படி. ஒரு கிராம் தண்ணீரை அறையின் சூட்டிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 314 ஜூல் ஆற்றல் வேண்டும். 100 டிகிரியில் நிற்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க இன்னும் 2,257 ஜூல் வேண்டும், அதாவது 7 மடங்கு. ஆவி குளிர்ந்த பொருளைத் தொட்டு மறுபடி நீராகும்போது இந்த 2,257 ஜூலையும் அங்கே இறக்கிவிடுகிறது. கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்ட புண் மோசமாக இருப்பதும் இதனால்தான். ஒவ்வொரு துளியும் அவ்வளவு சூட்டைச் சுமப்பதால், பொருளைச் சூடேற்றச் சில துளிகளே போதும். பொருள் 100 டிகிரியை எட்டிய பிறகு ஆவி அதன்மேல் நீராக மாற வேண்டிய அவசியமில்லை. வந்த வழியே மேலே போய்விடும்.

அரை கிலோ உலர்ந்த அரிசியை 25 டிகிரியிலிருந்து 100க்கு ஏற்ற ஏறக்குறைய 64,000 ஜூல் தேவை. 2,257ஆல் வகுத்தால் 28 கிராம். ஒன்றரை மணி நேர ஆவி என் அரிசிக்குக் கொடுத்த தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி! பாத்திரத்தின் சுவர் வழியாகச் சூடு கசிவதால் இன்னும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், அவ்வளவே. ஆனால் அந்த அரிசி வேக எவ்வளவு வேண்டும்? உதிரியாக வெந்த சோற்றில் எடைக்கு 60 சதவீதமாவது தண்ணீர் இருக்கும். பச்சை அரிசியில் இருப்பது 12 சதவீதம். அரை கிலோ அரிசி 1,100 கிராம் சோறாக வேண்டும், அதாவது 600 மில்லி தண்ணீர் உள்ளே போக வேண்டும்.

போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அரிசி மாவுச்சத்தின் குணம் தீர்மானிக்கிறது. அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரண்டு சங்கிலிகள் இறுக்கி அடுக்கப்பட்ட நுண்மணிகள்தான் மாவுச்சத்து. தண்ணீர் தாராளமாக இருந்தால் 55 முதல் 79 டிகிரிக்குள் அந்த அடுக்கு குலைந்து, மணி ஊதி, கூழாகிவிடும். அதைத்தான் வேகுதல் என்கிறோம். தண்ணீர் குறையக் குறைய அந்த வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். போதாத ஈரத்தில் 100 டிகிரியையும் தாண்டிவிடும். சாதாரணப் பானையின் ஆவி 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆகவே ஈரமில்லாத அரிசியை நாள் முழுவதும் ஆவியில் வைத்தாலும் அது வேகாது. சூடான கல்லாக இருக்கும்.

அப்படியானால் ஜெர்பாச் சோற்றுக்கு அந்த 600 மில்லி எங்கிருந்து வருகிறது? இரண்டாம் முறை கறியோடு ஒழுங்காகச் செய்தபோது எழுதிப் பார்த்த தோராயக் கணக்கு இது. அரை கிலோ அரிசி அரை மணி நேரம் ஊறியதில் 140 கிராம் குடித்திருந்தது. தராசில் வைத்துப் பார்த்த எண் அது, மற்றவை கணக்குப் போட்டவை. அரிசியோடு கறி, கீரை, காய் எல்லாவற்றையும் சூடேற்ற வேண்டியிருப்பதால் இந்த முறை ஆவியும் 150 மில்லி அளவுக்கு நீராகிறது. 400 கிராம் கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கீரை துவண்டு சுருங்கும்போது அதில் பாதியாவது வெளியேறும், 180 மில்லி. கறியும் ஈரலுமாக 400 கிராம், சூட்டில் சுருங்கிக் கால்பங்கு எடையைச் சாறாக விடும், அது 100. வெங்காயம், தக்காளி, குடைமிளகாயிலிருந்து 80. கூட்டினால் 650.

கணக்கு முடிந்தது போலத் தெரியும். முடியவில்லை. இந்தச் சாறு முழுவதும் அரிசிக்குப் போவதில்லை. துளை வழியாகக் கீழே சொட்டுவது ஒரு பங்கு. கீழ்ப்பானைத் தண்ணீர் மஞ்சளாக மாறியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். கறித்துண்டுக்கு அடியில் கிடந்த பருக்கைக்குச் சாறு, இரண்டு விரற்கடை தள்ளிக் கிடந்ததற்கு ஒன்றுமில்லை. உலையைப் போல இங்கே எதுவும் புரள்வதில்லை. விழுந்த இடத்திலேயே வேகும் அல்லது வேகாமல் கிடக்கும்.

இதற்குத்தான் ஜெர்பாப் பெண்கள் பாதியில் ஒரு வேலை செய்கிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனதும் மேல்பானையைத் தூக்கி, உள்ளே இருப்பது அத்தனையையும் அகன்ற தட்டில் கொட்டுகிறார்கள். கரண்டியால் கிளறி, கட்டிகளை உடைத்து, வெந்நீர் தெளித்து, மீண்டும் பானைக்குள் தள்ளுகிறார்கள். பார்ப்பதற்கு வெட்டி வேலை போல இருக்கும். சூடாக வெந்துகொண்டிருப்பதை எதற்காக ஆறவிட வேண்டும்?

ஆறவிடுவதில்தான் சூட்சுமம். தெளிக்கும் ஒரு குவளை நேரடியாக 150 மில்லி. கிளறுவதால் ஓரத்து அரிசி நடுவுக்கும் நடுவில் இருந்தது ஓரத்துக்கும் போகிறது. உலையில் நீரோட்டம் செய்த வேலையைக் கை செய்கிறது. மூன்றாவதாக ஒன்று நடக்கிறது, இதை நான் கணக்குப் போடும் வரை யோசிக்கவேயில்லை. தட்டில் கொட்டியதும் கலவை 30 டிகிரி போலச் சூடு இழக்கிறது. மறுபடி பானைக்குள் போனதும் ஆவி அதை முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். சூடேற்றுவதென்றால் ஆவி நீராக வேண்டும். இப்படி 70, 80 மில்லி இனாமாகச் சேர்கிறது. ஆவியிலிருந்து தண்ணீரைக் கறக்க ஒரே வழி, பண்டத்தை ஆறவிட்டு மறுபடி ஏற்றுவதுதான். கூஸ்கூஸை இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்றுவதன் பின்னாலும் இதே இயற்பியல்தான் இருக்கிறது. இயற்பியலாளர்கள் கெல்வினும் ஜூலும் பிறக்க நூற்றாண்டுகள் இருந்தபோதே கை இதைக் கண்டுகொண்டுவிட்டது.

தெளிப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்பது என் கட்சி. கீழ்ப்பானையில் சொட்டியிருக்கும் கறிச்சாறும் மஞ்சளும் உப்பும் கலந்த நீரையே ஒரு கரண்டி அள்ளித் தெளித்தால், தப்பி ஓடிய ருசி திரும்பி வந்துவிடும்.

ஆவி சோம்பேறி. எதிர்ப்பு குறைந்த வழியாகத்தான் போகும். இரண்டு பானைகளும் சேரும் இடத்தில் இடுக்கு இருந்தால், ஈர அரிசிக்குள் நுழைந்து கஷ்டப்படாமல் இடுக்கு வழியாக நழுவிவிடும். அதனால் மக்ரெப் வீடுகளில் மாவுக் கரைசலில் நனைத்த துணிநாடாவை அந்தச் சந்தியில் சுற்றுவார்கள். மாவு வெந்து இறுகி, அடைப்பாகிவிடும். கலவையை அமுக்கி நிரப்பவும் கூடாது. புட்டுக்குழலில் மாவைக் குத்தி அடைப்பவர்களுக்கு என்ன கதி என்று நம் வீட்டில் கேட்டாலே சொல்வார்கள்.

இப்போது கறி. ரூஸ் ஜெர்பியில் கறித்துண்டு பெரிதாக இருக்காது, சுண்டுவிரல் நுனியளவுதான். சிக்கனம் என்று நினைத்தால் தவறு. ஒரு துண்டின் நடுவுக்குச் சூடு போய்ச்சேரும் நேரம் அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு மடங்கு தடித்த துண்டுக்குப் பதினாறு மடங்கு நேரம். அரிசி ஒரு மணி நேரச் சொச்சத்தில் வெந்துவிடும், கறி அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் 100 டிகிரி ஈரச் சூட்டில் மெல்ல மெல்ல இளகி ஜெலட்டின் ஆகும். பொடித் துண்டென்றால் அதற்கு நேரம் மிச்சமிருக்கும். இளங்கறியாக இருந்தால் நல்லது. முற்றிய கிடாயின் தொடைக்கறியை இதில் போட்டால் அரிசி வெந்து காத்திருக்கும், கறி ரப்பராக நிற்கும். ஈரலில் கொலாஜன் குறைவு. சீக்கிரம் வெந்து, கிளறும்போது உதிர்ந்து, சோற்றோடு சோறாகக் கலந்துவிடும். இந்தச் சோற்றின் அடியாழத்து ருசி ஈரலில் இருந்து வருவதுதான் என்பேன். ஈரல் பிடிக்காது என்று அதை விட்டுவிட்டுச் செய்தால் கீரைச்சோறுதான் மிஞ்சும்.

ருசியைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆவியில் எதுவும் சிவக்காது. வறுத்த கறியின் வாசனையும் முறுகலும் வர ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் வேண்டும், இங்கே உச்சவரம்பு 100. வறுவலின் உதவி இல்லாமல் ருசியைக் கட்டியெழுப்ப வேண்டியிருப்பதால்தான் தக்காளி விழுது, ஹரிஸா, சில வீடுகளில் உப்புக்கண்டம், சில வீடுகளில் காய்ந்த இறால் என்று செறிவான பொருள்களாகவே சேர்க்கிறார்கள். தக்காளி விழுதில் இருப்பது குளூட்டமேட். 1908இல் ஜப்பானின் கிகுனாயே இகேதா கடற்பாசியிலிருந்து பிரித்து, அதன் ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்த அதே பொருள். கறியில் இருப்பது இனோசினேட். இரண்டும் சேர்ந்தால் நாக்கில் உறைப்பது கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு அதிகம். வறுக்காமலே கறிக்குழம்பின் கனம் வருவது இப்படித்தான்.

எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பிசைவதற்கும் காரணம் உண்டு. மஞ்சளின் குர்குமினும் மிளகாயின் சிவப்பும் தண்ணீரில் கரைய மறுப்பவை, எண்ணெயில் கரைபவை. எண்ணெய் பூசிய ஒவ்வொரு பருக்கையும் நிறத்தையும் பூசிக்கொள்கிறது. ஒட்டாமலும் இருக்கிறது. உலையில் வேகும் அரிசியிலிருந்து அமைலோஸ் கசிந்து நீரில் கலக்கும், அதுதான் கஞ்சி; பருக்கைகளை ஒட்டவைக்கும் பசையும் அதுவே. ஆவியில் கசிந்து ஓடத் தனி நீர் இல்லாததால் கஞ்சியும் இல்லை. நம் புழுங்கல் அரிசியின் மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகியது என்பதால் இதற்கு அது இன்னும் தோதானது. பொன்னி புழுங்கலில் செய்தபோது பருக்கை பருக்கையாக நின்றது.

கீரையின் பச்சை நிலைக்காது. குளோரோஃபில் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைச் சூடும் தக்காளிப் புளிப்பும் சேர்ந்து வெளியேற்றிவிடும், நிறம் ஆலிவ் பழுப்பாகும். அதைப் பற்றி ஜெர்பாக்காரர்கள் கவலைப்படுவதில்லை, நாமும் பட வேண்டாம். அதே புளிப்பு கொண்டைக்கடலையை இறுக்கிவிடும் என்பதுதான் கவலைக்குரியது. அதை முன்கூட்டியே தனியாக வேகவைத்துக்கொள்ள வேண்டும்.

அவிக்கும்போது வீடெல்லாம் மணக்கும். மகிழ்ச்சியடைய வேண்டாம், மணப்பது தட்டுக்கு வராமல் போகும் பங்கு. எளிதில் ஆவியாகும் வாசனை எண்ணெய்களை நீராவி பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. துனிசியாவின் நபெல் பகுதியில் வசந்தத்தில் நாரத்தம்பூக்களிலிருந்து பூநீர் இறக்குவது இதே தத்துவத்தில்தான். அங்கே ஆவியைக் குளிர்வித்துப் பிடித்து வைக்கிறார்கள், இங்கே அடுக்களை ஜன்னல் வழியாக விடுகிறோம். ஆகவே பார்ஸ்லியில் ஒரு பிடியையும், கொத்தமல்லி விதைப் பொடியில் ஒரு பங்கையும் ஒதுக்கி வைத்து, இறக்கியபின் தூவுவது நல்லது.

தண்ணீர்ப் பஞ்சமுள்ள தீவில் தண்ணீரை மிச்சப்படுத்தவே இப்படி ஆவியில் சமைத்தார்கள் என்று யாராவது சொன்னால் கேட்க அழகாக இருக்கும். நான் நம்ப மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கும் பானையிலிருந்து ஒரு லிட்டராவது காற்றோடு போய்விடும். அளந்து ஊற்றி வற்றவைக்கும் சோற்றுக்கு அவ்வளவு தேவையில்லை, விறகும் குறைவு. சிக்கனம் நோக்கமாக இருந்திருந்தால் கெஸ்கெஸைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ருசிக்காகத்தான் செய்திருக்கிறார்கள். கறிச்சாறும் கீரைச்சாறும் தண்ணீரில் நீர்த்துப்போகாமல் பருக்கைக்குள்ளேயே இறங்கும் சோறு வேறு எந்த முறையிலும் கிடைக்காது.

அரிசி ஆய்வுக்கூடங்களில் வெந்த பதம் பார்க்க எளிய முறை ஒன்று உண்டு. பருக்கைகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து நசுக்குவார்கள். வேகாத மாவு வெள்ளைப் புள்ளியாக நடுவில் தெரியும், வெந்தது கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். பத்தில் ஒன்பது பருக்கையில் புள்ளி மறைந்துவிட்டால் வெந்தது என்று கணக்கு. முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு நானும் அப்படி நசுக்கிப் பார்த்தேன். ஓரத்தில் எடுத்த பத்தில் எட்டில் வெள்ளை. நடுவில், கறித்துண்டுக்கு அடியில் எடுத்த பத்தில் இரண்டில் மட்டும். ஒரே பானை, ஒரே நேரம்.

இட்லிப் பானையில் செய்து பார்க்க நினைப்பவர்கள் அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள், துணி விரித்துத் தளர்வாகப் பரப்புங்கள், மூடியின் இடுக்கில் ஈரத்துணி சுற்றுங்கள். பாதியில் கொட்டிக் கிளறித் தெளிக்கும் வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். இறக்கும் முன் மூன்று பருக்கை எடுத்து நசுக்கிப் பாருங்கள்: ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று.